சம்பந்தி வீட்டில் இருக்கும் என் கார் சாவி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்கள் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும், போகவேண்டிய இடங்களுக்குப் போகமுடியாததைத் தவிர, மற்ற எல்லா வகையிலும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும், தங்கள் போர்ட்டிகோவில் நிற்கும் என் காரும், தங்கள் வசம் இருக்கும் அதன் சாவியும் சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பேசிப் பார்த்தேன். நான் சாவி என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் தங்கள் பக்கம் லைன் கெட்டுவிடுகிறது. "ஹலோ, ஹலோ, இங்க மழை வர்ற மாதிரி இருக்கு சம்பந்தி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. மேலும் நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கோளாறையும் தொடக்கத்திலிருந்து வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலில், தங்கள் மகனான என் மாப்பிள்ளை மீது எனக்குக் கடுகளவும் குறை இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் பிறந்தநாளன்று அவர் காரைச் சுற்றிவந்து பார்த்து, "மாமா, உங்க வண்டி லைட்டு அழுது வடியுது. எச்ஐடின்னு புது மாதிரி பல்பு வந்திருக்கு, போட்டுத் தர்றேன், அப்பறம் பாருங்க" என்றார். அழுது வடிந்த அந்த விளக்கோடு நான் பல வருஷம் எதன் மீதும் மோதாமல் வண்டி ஓட்டியவன். இருந்தாலும் மாப்பிள்ளை ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று எந்த மாமனார் சொல்லமுடியும்? பெட்டி வந்தது. அதில் இரண்டு பல்பு, சோப்புக்கட்டி அளவில், பல்புக்கு மின்சாரத்தை ஏற்றிக்கொடுக்கும் பேலஸ்ட் என்று இரண்டு தகரப்பெட்டி, கொஞ்சம் ஒயர், எங்கள் யாருக்கும் தெரியாத பாஷையில் ஒரு விளக்கத்தாள். அவர் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, பானெட்டுக்குள் இடுப்புவரை இறங்கி, மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை வேலை செய்து மாட்டிமுடித்தார். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் எதிர்ச்சுவர் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. நம் பேத்தி கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள். அதைப் பாராட்டு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை விவகாரம் தொடங்கியது. என் கார் எஞ்சினைக் கிளப்பியவுடன் ஹெட்லைட்டுகள் தாமாகவே மங்கலாக எரியும் ஜாதி. பகலிலும் வண்டி மற்றவர் கண்ணில் படவேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் செய்த ஏற்பாடு. பகல் விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. அதன் முதுகில் என் விளக்கு வெளிச்சம் விட்டு விட்டுத் துடித்தது. பஸ் நகர்ந்ததும் ஒரு துணிக்கடைக் கண்ணாடியில் துடித்தது. எதிரே வந்த லாரிக்காரர் நான் ஏதோ அவசரத்தில் இருப்பதாக நினைத்து வண்டியை நிறுத்தி, "போங்க, போங்க" என்று வழிவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய வேலையே இல்லை, ஆனால் மரியாதைக்காகப் போனேன். ரோட்டைக் கடந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, விளக்கைப் பார்த்து, மறுபடியும் என்னைப் பார்த்து, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு போனார். டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்று, நான் எச்சரிக்கை காட்டுகிறேன் என்று எண்ணி நடுரோட்டில் நின்றுவிட்டது. அதிலிருந்து கற்றுக்கொடுப்பவர் இறங்கி வந்து, "சார், அந்தப் பொண்ணு இன்னிக்குத்தான் பயப்படாம ஓட்ட ஆரம்பிச்சுது, கெடுத்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தம் தெரிவித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம், "விளக்கு மினுக்குதே, தெரியுதா?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள். அடுத்த தெருவில் கேட்டேன். அதற்கடுத்த தெருவிலும் கேட்டேன். பதில் மாறவில்லை. அவள் ஊசியில் நூலைக் கண்ணாடி இல்லாமல் கோக்கிறவள். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது.

பிறகு ஒருநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். "என்ன சார், பட்டப்பகல்ல எல்லாருக்கும் கண்ணடிச்சுக்கிட்டே வர்றீங்க?" என்றார். சாட்சி கிடைத்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைக் கடைசி வரை இழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். லிஃப்டோ காரோ, பிரேக் போடாமல் ஒன்றைவிட்டு இறங்க எனக்குத் தெரியாது. இருவரும் முன்னால் போய்ப் பார்த்தால் விளக்கே எரியவில்லை. "போட்டுக் காட்டுங்க" என்றார். சுவிட்சைப் போட்டேன். இரண்டும் அசையாமல், இமைக்காமல், நல்ல பிள்ளையாக எரிந்தன. அவர் சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டுத் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வெயில்ல நின்னு நின்னு எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல. போங்க சார், போங்க" என்று அனுப்பிவிட்டார். அவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்தக் கண்ணைக் காரணம் காட்டி அவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கிக்கொள்ளப்போவதில்லை.

தங்கள் தெருமுனையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாரே பொறுமை, அவரிடம் கொண்டுபோனேன். எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பெயராகிவிட்டது என்பது தங்களுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு வண்டி தானாக உருண்டுவந்து அவர் மேசையைச் சாய்த்துவிட்டதாம். அதிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் உட்காருமுன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவார். என் வண்டியிலும் இழுத்தார், விளக்கைப் போட்டார், முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "லைட்டு சும்மா கல்லு மாதிரி நிக்குது. உங்களுக்குத்தான் சார் ஓய்வு வேணும்" என்றார். நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது.

அவர் சொன்னது எப்படியோ என் மகள் காதுக்குப் போய், அவள் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சொட்டுமருந்து விட்டார்கள், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்கள். டாக்டர் கடைசியில், "வயசுக்கு நல்ல கண்ணு" என்றார். நான் "நல்ல கண்ணு" என்பதைக் கேட்டேன். என் மகள் "வயசுக்கு" என்பதைக் கேட்டாள். அந்த வாரம் தங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது தாங்கள் சொன்னது இன்னும் என் நினைவில் இருக்கிறது. "சம்பந்தி, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. நம்ம வயசுக்கு ஸ்டியரிங்கை விட்டுட்டு, சன்னலோரமா உக்காந்து வேடிக்கை பாக்கறதுதான் சுகம்." தாங்கள் பிறந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை என்பதையும், ஆகவே அதை விடுவதில் தங்களுக்கு அனுபவம் குறைவு என்பதையும் அன்று நான் சொல்லவில்லை. சாம்பார்க் கரண்டி என் பக்கம் வந்துகொண்டிருந்தது. என் மகளோ நான் வளர்த்த காலமெல்லாம் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதவள். மாமனார் சொன்னதும், "பாத்தீங்களாப்பா, மாமாவே சொல்றாங்க" என்று என் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துத் தங்கள் கையில் கொடுத்துவிட்டாள். தாங்களும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு என் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கே போனாலும் மாப்பிள்ளை வண்டியில் பின்சீட்டு. ஒரு பக்கம் பேத்தியின் குழந்தை நாற்காலி, மறுபக்கம் நான். என் மகள் பேத்திக்கு பெல்ட் போட்ட கையோடு எனக்கும் போட்டுவிடுகிறாள். பேத்திக்கு பிஸ்கட் கொடுத்தால் எனக்கும் ஒன்று வருகிறது. பேத்தி அழுதால் சன்னலைத் திறக்கிறார்கள். நான் அழுது பார்க்கவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்துக்கு வெள்ளையடிக்க வந்தார்கள். எல்லா வண்டியையும் எடுக்கவேண்டும் என்றதும், தாங்களும் மாப்பிள்ளையும் சாவியோடு வந்தீர்கள். மாப்பிள்ளை ஓட்டினார், தாங்கள் தூணோரமாக நின்றீர்கள், நான் வண்டிக்கு முன்னால் நின்று "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று சொல்லும் பதவியில் இருந்தேன். அப்போது, புதிதாக வெள்ளையடித்த சுவரில் என் நிழல் ஆடியது. நான் ஆடவில்லை. ஏணிமேல் நின்ற பெயிண்டர்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு, "யோவ், லைட்டுக்கு வலிப்பு வந்துடுச்சு பாரு!" என்று கத்தினார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உண்டான ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவரமுடியாது. கத்துகிறார்களே என்று மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்து, "எங்க மாமா?" என்றார். விளக்கு அணைந்திருந்தது. பெயிண்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் சம்பந்தி, இன்ஸ்பெக்டர் வந்தால் ஒழுங்காக ஓடும் லிஃப்டுகளோடு நான் ஆயுளைக் கழித்தவன். பார்க்கப் போனால் மறையும் கோளாறில் பார்க்கப் போகிறவனைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். அவன் போகிற வழியில் எதைத் தொட்டான், எதை மிதித்தான், எதை இழுத்தான் என்று. "மாப்பிள்ளை, ஏறி உக்காருங்க. இறங்காதீங்க. ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்குங்க" என்றேன். இறக்கினார், விளக்கு துடித்தது. "ஏத்துங்க" என்றேன். ஏற்றினார், அணைந்தது. இறக்கினார், துடித்தது. பெயிண்டர்கள் கைதட்டினார்கள். தாங்கள் தூணோரமாக நின்றபடி "ஓ" என்றீர்கள். அந்த "ஓ"வில் ஒரு மன்னிப்பு இருந்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

காரணம் இதுதான். பகல் விளக்கு மங்கலாக எரியவேண்டும் என்பதற்காகக் கார் அந்த நேரத்தில் முழு மின்சாரம் கொடுப்பதில்லை. வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. பழைய பல்புக்குள் இருக்கும் இழைக்கு அது போதும், கிடைத்ததை வைத்துக்கொண்டு சிவந்து கிடக்கும். எச்ஐடி அப்படி இல்லை. அதன் பேலஸ்டுக்கு முழுச் சாப்பாடு வேண்டும். அரைகுறையாகக் கிடைத்தால் எழுந்திருக்கும், மயங்கி விழும், மறுபடியும் எழுந்திருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டால் வண்டி நிற்கிறது என்று எண்ணிக் கார் பகல் விளக்கையே அணைத்துவிடும். அப்போது சுவிட்சைப் போட்டால் முழு மின்சாரம் போய் ஒழுங்காக எரியும். ஆக, ஓடும்போது மட்டும் இருக்கும் நோய், நிறுத்திப் பார்க்கும் எல்லோரிடமும் என்னைப் பொய்யனாக்கியது. பழைய பல்பையே திரும்ப மாட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பருத்திப் பஞ்சில் சுற்றி மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அது மாப்பிள்ளை கொடுத்த பரிசைக் கழற்றுவது ஆகும். ஆகவே அப்படி ஒரு வழி இல்லை என்றே நாம் எல்லோரும் பேசாமல் முடிவுசெய்தோம்.

மாப்பிள்ளைக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது. "பகல்லயும் ஹெட்லைட்டை முழுசா போட்டுட்டே ஓட்டலாம் மாமா" என்றார். தெருமுனை வரை அப்படிப் போனோம். எதிரே வந்தவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நம் பரம்பரையை விசாரித்தார்கள். உடனே இரண்டாவது யோசனை பிறந்தது. "ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு கிளிக் மட்டும் ஏத்தி வெச்சா போதும். லைட்டு அணைஞ்சுடும், வண்டியும் ஓடும்." நாம் மூவரும் அதைச் சிறந்த யோசனை என்று ஒப்புக்கொண்டோம் என்பதைத் தாங்கள் மறுக்கமாட்டீர்கள். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது மினுக்கவில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. தங்கள் வீட்டை நோக்கிப் போகும்போது வண்டி கொஞ்சம் சோம்பலாக இருந்தது; ஆள் கனம் ஏறியிருக்கிறதே, அதனால் இருக்கும் என்று மாப்பிள்ளை தங்களைப் பார்க்காமல் சொன்னார். பாதி தூரத்தில் தாங்கள், "யார் வீட்லயோ அடுப்புல எதையோ வெச்சுட்டு மறந்துட்டாங்க" என்றீர்கள். அடுத்த தெருவிலும் யாரோ மறந்திருந்தார்கள். அதற்கடுத்த தெருவிலும் மறந்திருந்தார்கள். தங்கள் தெருவுக்குள் நுழையும்போது பின்சக்கரங்களிலிருந்து வந்த புகையைப் பார்த்துப் பொறுமை, தம் வாழ்நாளில் முதல்முறையாக, வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

சக்கரம் ஆறட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டோம். பொறுமை பிரேக்கைச் சரிசெய்த பிறகு விளக்குக்கு வந்தார். பேட்டரியிலிருந்து நேராகப் பேலஸ்டுக்கு மின்சாரம் போகும்படி தனி ஒயர், நடுவில் ரிலே என்று, மின்சாரம் பட்டால் தானே போட்டுக்கொள்ளும் ஒரு சுவிட்ச். பழைய விளக்கு ஒயர் அந்த ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. கேட்க நன்றாக இருந்தது. எஞ்சினைக் கிளப்பினால் பானெட்டுக்குள் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. வெட்டி வெட்டி வந்த மின்சாரம் இப்போது ரிலேயை வெட்டி வெட்டித் தட்டியது. பிறகு மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரை வைத்துப் பார்த்தார். சத்தம் குறைந்தது, ஆனால் குளிர்ந்த காலையில் முதலில் கிளப்பும்போது இரண்டு தடவை விக்கியது. "பொறுமை" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டு கடைசியில் வேறு வழிக்குப் போனார். ஹெட்லைட்டுக்குப் பகல் வேலை வேண்டாம் என்று பகல் விளக்கின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பகலுக்கென்று பம்பரில் இரண்டு சின்ன விளக்கு தனியாகப் போட்டார். ஹெட்லைட்டின் முகத்தையும் கொஞ்சம் கீழே இறக்கினார். எச்ஐடி இப்போது இருட்டினால் மட்டும் எரிகிறது, அசையாமல் எரிகிறது. கிளம்பும்போது பார்த்தோம், ஓடும்போது பார்த்தோம், ஹேண்ட் பிரேக்கை ஏற்றியும் இறக்கியும் பார்த்தோம். கோளாறு தீர்ந்தது. பொறுமை, ஒரே தெருக்காரர் என்ற பழக்கதோஷத்தில் சாவியைத் தங்கள் கையில் கொடுத்தார். தாங்களும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டீர்கள்.

சம்பந்தி, இதற்குமேல் கேலி வேண்டாம். எனக்கு அந்தச் சாவி வேண்டும். காலையில் எழுந்து அவசரமாகப் போகவேண்டிய இடம் எனக்கு எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் போக நினைத்தால் போகலாம் என்று இருப்பது வேறு, யாராவது அழைத்துப்போனால் போகலாம் என்று இருப்பது வேறு. நான் கண்டது பொய் என்று எல்லோரும் சொன்ன நாட்களில், நான் உண்மையிலேயே பயந்துபோனேன். குளியலறை விளக்கைக்கூட நின்று உற்றுப் பார்த்தேன், அதுவும் மினுக்குகிறதா என்று. இப்போது கண் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார், விளக்கு சரி என்று பொறுமை சொல்லிவிட்டார். வெறுமனே இருக்கும் சட்டைப்பை மட்டும்தான் சரியாகவில்லை. பெரியமனது பண்ணி, என் மகள் எதிரிலேயே, தங்கள் கையாலேயே அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தாங்கள் கொடுத்தால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு ஆசிகள், அடுத்த பிறந்தநாளுக்குச் சட்டைத் துணி போதும் என்று பக்குவமாகச் சொல்லவும். பேத்திக்கு முத்தங்கள். தங்கள் குடும்பத்தில் எல்லா விளக்கும் நின்று நிதானமாக எரியட்டும் என்று மனமார வாழ்த்தும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: சாவியைத் தபாலில் அனுப்பிச் சிரமப்படவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மற்றொரு பி.கு.: சம்பந்தி அண்ணாவுக்கு வணக்கம். இது நான், அவர் வீட்டுக்காரி. கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். விளக்கு மினுக்கியது முதல் நாளே எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் "தெரியுதா, தெரியுதா" என்று கேட்கும்போது ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தைத்தான் பார்ப்பார். தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்த்தே விளக்கியிருப்பார். உயிர்மேல் ஆசை இருந்தது, தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் லைசென்ஸ் எடுத்தபோது நானும் கூடவே எடுத்தேன் அண்ணா. அதை இத்தனை காலமும் அடையாள அட்டையாக நீட்டியதோடு சரி. ஒருநாளும் அவர் சாவியை என் கையில் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. இப்போதும் உங்களிடம் கேட்கவில்லை. வண்டி உங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மத்தியானம் நீங்கள் அங்கேயும் அவர் இங்கேயும் தூங்கும் நேரத்தில், அண்ணியும் நானும் எடுத்துக்கொண்டு போய்வருகிறோம். உங்கள் வீடு வரை மட்டும்தான் நான் பஸ்ஸில் வருகிறேன், கடைத்தெருவுக்கும் பஸ்ஸிலேயே போவதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களிடம் இருப்பது அண்ணி மாற்றிவைத்த உங்கள் மொட்டைமாடிச் சாவி. கார் சாவி என் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கேட்டால் நீங்களே பதமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள். நானும் கூடவே வருவேன், திரும்பும்போது நான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வரட்டும்.